பதினோரு பேருக்கு ஒரே நம்பர்

தேனி,
5.8.2025, செவ்வாய்.

அன்பு அன்னத்துக்கு ஷீலா எழுதுவது.

நீ பயிற்சி நிலையத்துக்கு வராமல் இன்றோடு பன்னிரண்டு நாள். போன் போட்டால் எடுப்பதில்லை. வாட்ஸப்பில் எழுதலாம் என்றால், நீ பார்த்துவிட்டாயா, நீல டிக் விழுந்ததா என்று அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வேலையும் ஓடாது. அதனால்தான் கடிதம். தபால்காரர் வாசலில் நின்று கூப்பிட்டால் வாங்காமல் இருக்க மாட்டாயே.

அன்றைக்கு நீ வகுப்பில் அத்தனை பிள்ளைகள் முன்னாலும், "ஒரு பொம்பள பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களேக்கா!" என்று கத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாய். கீழே உரக்கடைக்காரர் வரைக்கும் கேட்டிருக்கிறது. "டீச்சரம்மா எதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போறாக?" என்று மறுநாள் என்னிடமே விசாரிக்கிறார். எனக்கும் கோபம் வந்தது, மறைக்கவில்லை. பதினான்கு வருஷம் ஒன்றாக நிலையம் நடத்தியிருக்கிறோம். தனியாகக் கூப்பிட்டு ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். தையல், கம்ப்யூட்டர், நர்சிங் உதவியாளர் என்று மூன்று வகுப்பு, நூற்று நாற்பது பேர். ரிஜிஸ்டரில் தேடித் தேடிச் சான்றிதழ் கொடுக்கத் தாமதமாகிறது என்று நீயும்தான் புலம்புவாய். அதற்காகத்தான் மென்பொருள் வாங்கினேன். ஜூலையில் உன் நர்சிங் ரிஜிஸ்டரை அதில் ஏற்றும்போது பார்த்தால், பதினோரு பேருக்கு வீட்டு நம்பர் என்ற இடத்தில் உன் நம்பரே இருக்கிறது. ஒரே நம்பரை இரண்டு பேருக்குப் போட்டால் அந்தச் சிஸ்டம் ஏற்காது. நீ சோம்பல்பட்டு உன் நம்பரையே எழுதி வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். ஆதார் நகலில் அச்சாகியிருந்த நம்பர்களை எடுத்துப் பதினொன்றையும் நானே திருத்தினேன். இரண்டு நாள் வேலை அது.

அந்தப் பதினோரு பேரில் சுருளிப்பட்டி முத்துமாரியம்மாள் ஒருத்தி. இருபத்து நாலாம் தேதி வியாழன் அவள் வரவில்லை. வராதவர்கள் வீட்டுக்கெல்லாம் மெசேஜ் போவதுபோல அவள் வீட்டுக்கும் தானாகப் போயிருக்கிறது. பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்று வீட்டுக்குச் சொல்வதில் என்ன பாவம்? விளக்கமாக எழுது. ஏசுவதாக இருந்தாலும் எழுதி ஏசு.

வகுப்பில் எல்லாரும் உன்னைக் கேட்கிறார்கள். ஊசி போட்டுப் பழகுகிற ரப்பர் கையை நீ பீரோவில் எங்கே வைத்தாய் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

உன்
ஜெபஷீலா


உ

காமயகவுண்டன்பட்டி,
11.8.2025.

ஷீலாக்காவுக்கு அன்னத்தாய் எழுதிக்கொண்டது.

நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. கோபம் ஆறாமல் கேட்டால் பொய்யாகிவிடும். ஆறின பிறகு கேட்கிறேன்.

சோம்பல் என்று எழுதியிருக்கிறீர்கள். பதினான்கு வருஷம் காலை ஏழரை டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவளைப் பார்த்துச் சோம்பல்! போகட்டும்.

அக்கா, அந்தப் பதினோரு பேரும் வீட்டுக்குத் தெரியாமல் படிக்கிறவர்கள். முழு வீட்டுக்கும் தெரியாமல் இல்லை. புருஷனுக்கோ அப்பனுக்கோ அண்ணனுக்கோ, யாரோ ஒருவருக்குத் தெரியாமல். சேரும்போதே அழுதுகொண்டே சொல்வார்கள்: "டீச்சர், வீட்டு நம்பர் வேண்டாம்." அப்படிச் சொல்கிறவளுக்கு என் நம்பரை எழுதுவேன். வருஷத்துக்கு வருஷம் ஆள் மாறும், நம்பர் மாறாது. இப்படிப் படித்து வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாது. வேலை கிடைத்த பிறகு வீட்டில் சொல்வார்கள்; அப்போது யாரும் வேண்டாம் என்பதில்லை.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நீங்கள் அரிச்சந்திரனுக்கு அடுத்த வீடு. பண்ணைப்புரத்துப் பிள்ளை ஒருத்தியின் அப்பா வந்து கேட்டபோது, "ஆமாய்யா, இங்கேதான் படிக்குது, நல்லாப் படிக்குது" என்று நாற்காலி போட்டுச் சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அவளை மறுநாள் நிறுத்தினார்கள். அதற்கப்புறம் உங்களிடம் ஒன்றும் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இனி மாரி கதையைக் கேளுங்கள். அவள் புருஷன் பேச்சிமுத்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டுகிறவன். கல்யாணமான மறுவருஷமே நர்சிங் படிக்கிறேன் என்று கேட்டாள். "கண்டவன் பீ மூத்திரம் அள்ளவா ஒன்னையக் கட்டிட்டு வந்தேன்" என்று சோற்றுத் தட்டு பறந்தது. இந்த மார்ச்சில் கம்பத்தில் இருக்கிற அவள் அம்மா சுருளியம்மாளுக்குக் கால் முறிந்தது. அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் இவள் வகுப்புக்கு வந்தாள். கால் ஜூனிலேயே கூடிவிட்டது. ஆனாலும் மருமகன் ஜீப் சத்தம் கேட்டால் அந்தம்மா காலில் கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டுமாம். நாங்கள் சிரிப்போம் அக்கா.

அந்த வியாழக்கிழமை மகன் மகிழனுக்குக் காய்ச்சல். ஜீப்பும் ஒர்க்‌ஷாப்பில். புருஷன், பெண்டாட்டி, பிள்ளை மூன்று பேரும் வீட்டில் இருக்கிறார்கள். அவள் ஆதாரில் இருந்தது அவன் நம்பர். பத்தரைக்கு அவன் போன் சத்தம் போடுகிறது. அவன் எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசிக்கிறான்: "தங்கள் வீட்டைச் சேர்ந்த முத்துமாரியம்மாள் இன்று நர்சிங் உதவியாளர் வகுப்பிற்கு வரவில்லை."

அவள் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைக்கு நெற்றியில் துணி போட்டுக்கொண்டிருந்தாளாம்.

மறுநாள் விடியும்போது வீட்டைப் பூட்டிவிட்டான். பெண்டாட்டியையும் பிள்ளையையும் கம்பம்மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருக்கிற லயத்தில் கொண்டு போய் வைத்துவிட்டான். சுருளியம்மாள் நிலையத்து வாசலில் வந்து அழுதுதான் எனக்கே தெரியும். செப்டம்பர் பதினைந்து பரீட்சை. தேனி ஆஸ்பத்திரி ஒன்றில், பாஸானவுடன் வேலைக்கு வா என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவ்வளவுதான். முடிந்தது.

மற்றப் பத்துப் பேரிடமும் அன்றைக்கே ஓடிப்போய்ச் சித்தி நம்பர், சிநேகிதி நம்பர் என்று வாங்கி உங்கள் கம்ப்யூட்டர்ப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுத்தான் உங்களிடம் வந்து கத்தினேன்.

ரப்பர் கை கீழ்த்தட்டில், மஞ்சள் பையில் இருக்கிறது.

அன்னத்தாய்


தேனி,
16.8.2025.

அன்பு அன்னம்,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு ஜெபிக்க உட்கார்ந்தேன், பாதியில் எழுந்து இந்தத் தாளை எடுத்தேன். என்னை மன்னித்துவிடு என்று முதலில் எழுதிவிடுகிறேன். உன் கோபம் நியாயம். சோம்பல் என்று எழுதியதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

நான் அந்த மென்பொருளை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும். மூன்று கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். என் தம்பி ஜோயல் துணைக்கு உட்கார்ந்தான். பஜாரில் கடைக்குப் பில் போடுகிற மிஷின் வாங்கியவனல்லவா, தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. முதல் கம்பெனி வருகையை மட்டும் பதியும், வேறொன்றும் தெரியாது. இரண்டாவதில் எல்லாம் உண்டு, ஆனால் மெசேஜ் இங்கிலீஷில்தான் போகும். மூன்றாவது, மதுரையிலிருந்து வந்த வினோத்ராஜ். லேப்டாப்பைத் திறந்து, "மேடம், பத்தரைக்கு வகுப்பு ஆரம்பிச்சா, பத்து முப்பத்திரண்டுக்குத் தமிழ்ல மெசேஜ் போயிரும்" என்று என் போனுக்கே ஒன்றை அனுப்பிக் காட்டினான். நம் தமிழில், அழகாக. எனக்கு அங்கேயே மனசு விழுந்துவிட்டது. வீட்டில் இருக்கிறவர்களுக்குப் புரிகிற மொழியில் போகட்டும் என்றுதான் மூன்றாவதை எடுத்தேன்.

இங்கிலீஷில் போயிருந்தால் பேச்சிமுத்து லோன் விளம்பரம் என்று அழித்திருப்பான். இதை நினைத்து நினைத்துச் சாகிறேன்.

நாற்பத்தாறு வசதி இருந்தது அன்னம். ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டேன். அந்த ரிஜிஸ்டரைப் பதினான்கு வருஷம் எழுதினவளை ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லவில்லை. டெமோ நடந்த அன்று உன்னைச் சின்னமனூருக்கு பேண்டேஜ் துணி வாங்க அனுப்பினேன். போன் பட்டனே சரியாக அமுக்கத் தெரியாதவள் இதில் என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். ஜோயலிடம் சொல்லவும் செய்தேன்.

மாரியின் பெயரை நான் பதிவிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் ஹால் டிக்கெட் வராது. நாலு மாதம் ஒருநாள் தவறாமல் வந்திருக்கிறாள், பரீட்சை எழுதுகிற அளவுக்கு வருகை இருக்கிறது. அவள் இடம் அவளுக்காக இருக்கும். நீ எப்படியாவது அவளைப் போய்ப் பார். நான் வந்தால் அவன் வாசலிலேயே நிறுத்திவிடுவான்.

நீயும் திரும்பி வா.

உன்
ஷீலா


உ

காமயகவுண்டன்பட்டி,
24.8.2025.

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இப்போது கேட்கிறேன்.

ஒன்றை எழுதாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. மே மாதம் மூன்று பக்கத் தாள் ஒன்று என் மேஜையில் வைத்தீர்கள். "உங்கள் பதிவேட்டில் என்னென்ன எழுதுவீர்கள், எதற்காக எழுதுவீர்கள், யாரெல்லாம் பார்ப்பார்கள்" என்று கேள்வி கேள்வியாக இருந்தது. வினோத்ராஜ் கொடுத்ததாம், கேட்டுப் பூர்த்தி செய்யச் சொன்னானாம். டெமோவுக்குக் கூப்பிடாமல் பேண்டேஜ் வாங்க அனுப்பிவிட்டு இப்போது தாளா என்று எனக்கு ரோஷம். ஒரு கேள்வியைக்கூட வாசிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் "எல்லாம் சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிவிட்டேன்.

அந்த மூன்று பக்கத்தில் ஒரு கேள்வி இருந்ததாம்: "வீட்டாரைத் தொடர்புகொள்ளக் கூடாத மாணவர் உண்டா?" போன வாரம் கம்ப்யூட்டர்ப் பிள்ளை எடுத்துக் காட்டினாள். அதற்கு நேராகவும் என் "எல்லாம் சரி"தான் பதில்.

உங்களை எல்லார் முன்னாலும் ஏசினேன். என்னை யார் ஏசுவது?

ஓணம் கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போகிறேன். அன்றைக்குப் பறிப்பு இருக்காது, அவள் லயத்தில் இருப்பாள். ஹால் டிக்கெட் வந்தால் அனுப்பி வையுங்கள். அவள் கையில் கொடுத்துவிட்டால் ஏதாவது வழி பிறக்கும் என்று தோன்றுகிறது. அம்மாவுக்கு மறுபடி முடியவில்லை என்று சொல்லி ஒருநாள், ஒரே ஒருநாள் கூட்டிவந்துவிட்டால் போதும்.

உங்கள்
அன்னம்


தேனி,
30.8.2025.

அன்பு அன்னம்,

இத்துடன் மாரியின் ஹால் டிக்கெட். மடங்காமல் கொண்டு போ. போட்டோவில் சிரிக்கிறாள் பார், நீ எடுத்ததுதானே?

வினோத்ராஜைக் கூப்பிட்டுப் பேசினேன். பத்துப் பேர் நம்பரும் பொய் நம்பர்தான், ஒருநாள் அந்தச் சித்தியே யாரிடமாவது உளறிவிடுவாள், இதற்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். "அதுக்கென்ன மேடம், 'வீட்டுக்குத் தகவல் வேண்டாம்'னு ஒரு பட்டன் இருக்கே" என்கிறான். ஆரம்பத்திலிருந்தே இருக்கிறதாம். "முதல்லயே சொல்லியிருந்தா போட்டுக் குடுத்திருப்பேன், யாரும் கேக்கலையே" என்கிறான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பத்துப் பேருக்கும் அந்தப் பட்டனைப் போட்டுவிட்டேன்.

தாள் விஷயத்துக்காக உன்னை ஏச எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தாளை நான் உன் கையில் கொடுத்து உட்கார்ந்து பேசியிருக்கலாம். மேஜையில் வைத்துவிட்டுப் போனேன்.

மலையில் மழை என்கிறார்கள், குடை எடுத்துக்கொள்.

உன்
ஷீலா


உ

காமயகவுண்டன்பட்டி,
8.9.2025.

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றுப் போய்வந்தேன்.

பேச்சிமுத்து என்னை விரட்டுவான் என்று பயந்துகொண்டே போனேன். அவன் எழுந்து நின்று வரவேற்றான். "வாங்க டீச்சர், மழையில இம்புட்டு தூரம் ஏறி வந்திருக்கீக. ஏ, டீச்சருக்குக் கட்டன் போடு" என்று உள்ளே குரல் கொடுத்தான். மாரி பால் இல்லாத தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். இளைத்திருக்கிறாள். கை விரல் எல்லாம் ஏலக்காய்க் கறை.

அம்மாவுக்கு முடியவில்லை என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவனே பேசிவிட்டான். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தீகன்னா நானே பஸ் ஏத்தி விட்டிருப்பேன் டீச்சர். மாமியாளும் மகளும் சேந்து என்னைய முட்டாப்பய ஆக்கிட்டாக. நீங்களும் நம்பர் குடுத்து அதுக்கு உடந்தை."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவ கேட்டாள்ல? கல்யாணமான மறுவருசமே கேட்டாள்ல? தட்டை வீசுனது யாரு?" என்றேன்.

"அவ கேட்டா. நீங்க கேட்டீகளா?" என்றான்.

அவன் பொய்தான் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். நான் கேட்டிருந்தாலும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பான். ஆனால் நான் கேட்டதில்லை. பதினான்கு வருஷத்தில் எந்த வீட்டிலும் போய் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. என் நம்பரை எழுதிவிட்டால் தைரியசாலி என்று எனக்கு நானே நினைத்துக்கொண்டேன். நான் போய் நின்றிருந்தால், நூற்றில் ஒரு வீடாவது சரி என்றிருக்குமோ? அந்த ஒரு வீடு இதுவாக இருந்திருக்குமோ? நேற்றிலிருந்து இதுதான் ஓடுகிறது.

தம்ளர் கழுவுகிற சாக்கில் குழாயடியில் அவளோடு இரண்டு நிமிஷம் கிடைத்தது. ஹால் டிக்கெட்டைக் கொடுத்தேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். போட்டோவைத்தான் பார்த்தாள். திருப்பி என் பையிலேயே வைத்துவிட்டாள்.

"டீச்சர், எனக்கு ஒரு உபகாரம் பண்ணுங்க. எம் பேரை எடுத்துரச் சொல்லுங்க" என்றாள். ஏன்டி, பரீட்சை இருக்கே என்றேன். "தெனம் பத்தரைக்கு அவுக போன்ல மெசேஜ் வருது டீச்சர். அந்நேரம் எல்லாரும் டீ குடிக்க உக்காந்திருப்போம். சத்தமா வாசிக்காக. 'இன்னிக்கும் எங்க வீட்டு நர்சம்மா வகுப்புக்கு வரலையாம்'ங்காக. அங்கன இருக்க பொம்பளைக பூராம் சிரிக்குது. இங்கன இப்ப எம் பேரே நர்சம்மாதான். மகிழன்கூட அப்படித்தான் கூப்பிடுறான்."

நாலு வயசுப் பிள்ளை அக்கா. அதற்கு அது ஏளனம் என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெசேஜ் வராது, அதனால் ஞாயிறு நல்ல நாள் என்றாள்.

பெயரை எடுத்துவிடுங்கள். ஹால் டிக்கெட்டை இத்துடன் அனுப்புகிறேன்.

என்னை இனி எதிர்பார்க்க வேண்டாம். கோபமில்லை, சத்தியமாக இல்லை. இன்னொருத்தி வந்து, "டீச்சர், வீட்டு நம்பர் வேண்டாம்" என்று அழுதால் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதவள் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. உத்தமபாளையத்தில் ஒரு டாக்டர் வீட்டு கிளினிக்கில் கட்டுப்போடுகிற வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். புண்ணுக்கு மருந்து போட்டோமா, வந்தோமா என்று இருந்துவிடுகிறேன்.

உங்கள் சுகர் மாத்திரையை மறக்காமல் போடுங்கள்.

அன்னம்


தேனி,
17.9.2025.

அன்பு அன்னம்,

உன் கடிதம் பத்தாம் தேதி வந்தது. வந்த அன்றே மாரிக்கு மெசேஜ் போவதை நிறுத்தினேன். அந்தப் பட்டனை ஆகஸ்டிலேயே அவளுக்கும் போட்டிருக்கலாம். வீட்டுக்குத்தான் தெரிந்துவிட்டதே, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று பத்துப் பேரோடு நிறுத்திவிட்டேன். தினமும் காலையில் நானேதான் அவள் பெயருக்கு நேராக "வரவில்லை" என்று பதிந்தேன். அவளுடைய இடத்தைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு பதிந்தேன்.

பெயரை மட்டும் பரீட்சை வரை எடுக்கவில்லை. நீ கோபித்துக்கொண்டாலும் சரி. திங்கட்கிழமை அவளுடைய பதினேழாம் நம்பர் நாற்காலியில் வினாத்தாளை வைக்கச் சொன்னேன். ஒன்பதரையிலிருந்து படிக்கட்டில் நின்றேன். பத்தரைக்கு மேல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று சட்டம். பத்தே முக்கால் வரைக்கும் கதவைச் சாத்தவில்லை. பிறகு சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். நீ சொல்லிக்கொடுத்த பாடம்தான் எல்லாக் கேள்வியும். பிள்ளைகள் நன்றாக எழுதினார்கள்.

நீ வரமாட்டேன் என்று எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். இனிமேல் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டால் என் நிம்மதிக்காகத்தான் கூப்பிடுவேன், அது நியாயமில்லை. சேர வருகிற ஒவ்வொருத்தியிடமும் கதவைச் சாத்திக்கொண்டு யார் நம்பரைப் போடட்டும் என்று நானே கேட்கிறேன். அதற்கு மேல் என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை.

நேற்று மாரியின் பெயரை எடுத்தேன். எடுக்கிறது இவ்வளவு பெரிய வேலை என்று நினைக்கவில்லை. காரணம் கேட்டது. திருமணம், உடல்நலம், நடத்தை, வேலை கிடைத்தது, பிற என்று ஐந்து. "பிற" என்பதை அமுக்கினேன். விளக்கம் எழுது என்று ஒரு கட்டம் வந்தது. "நிலையத்தின் தவறு" என்று எழுதினேன்.

பெயரை நீக்கினால் வீட்டுக்குக் கடைசியாக ஒரு மெசேஜ் போகும், அதை மட்டும் எந்தப் பட்டனாலும் நிறுத்த முடியாது என்று வினோத்ராஜ் சொன்னான். அதுவும் அந்த லயத்தில் சத்தமாக வாசிக்கப்பட வேண்டுமா? பேச்சிமுத்து நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போட்டேன். ஏற்கெனவே இருக்கிறது என்று தள்ளிவிட்டது. ஜோயல் நம்பர் தையல் வகுப்பில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் போய் ஒரு புது சிம் வாங்கி, பழைய போனில் போட்டு, அந்த நம்பரைக் கொடுத்தேன். அப்புறம்தான் நீக்கினேன்.

மெசேஜ் என் கைக்கே வந்தது. அப்படியே எழுதுகிறேன்:

"அன்புடையீர், தங்கள் வீட்டைச் சேர்ந்த முத்துமாரியம்மாள் எங்கள் பயிற்சியிலிருந்து தாமாகவே விலகிக்கொண்டார். அவர் வாழ்வு மென்மேலும் சிறக்க எங்கள் வாழ்த்துகள்."

இந்த வாசகத்தை மே மாதம் எழுதிக்கொடுத்தது நான்தான் அன்னம். மொட்டையாக முடிகிறதே என்று வினோத்ராஜுக்கு மறுபடி போன் போட்டு, அந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னேன்.

ஜெபஷீலா